ஐ.சி.யூ.வுக்கு வெளியே சர்க்கரை: வார்டு நோயாளிகளுக்கான முழுமையான வழிகாட்டி

காலை ஆறரைக்கு விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை, ஏழு மணிக்குப் போட்ட இன்சுலின், எட்டேகாலுக்கு வந்து சேர்ந்த இட்லித் தட்டு. வார்டில் சர்க்கரை இறங்கிப்போவதற்கும் தாறுமாறாக ஏறுவதற்கும் காரணம் தேடினால், பல நேரம் இந்த மூன்றுக்கும் நடுவில் விழுந்த இடைவெளியில்தான் போய் நிற்கும். மருந்தின் பெயரும் அளவும் சரியாக இருந்தும் நோயாளி வேர்த்துக் கொட்டிக் கிடப்பது இதனால்தான். எண், ஊசி, தட்டு மூன்றையும் ஒன்றாகக் கட்டுவதே வார்டில் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

பெங்களூரு வார்டுகளில் வேலை செய்யும் தமிழ் நர்ஸ்களுக்கும் டூட்டி டாக்டர்களுக்குமாக இதை எழுதுகிறோம். அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும், ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்தும் வந்து நோயாளியின் பக்கத்தில் அட்டெண்டராக உட்கார்ந்திருக்கும் குடும்பத்தாரும் படிக்கலாம். அளவு கணக்குகள் அவர்கள் தாங்களாகப் போட்டுக்கொள்வதற்கு அல்ல; என்ன நடக்கிறது என்று புரிந்து, சரியான நேரத்தில் சரியான கேள்வியைக் கேட்பதற்கு. பெரியவர்களுக்கு மட்டுமே இது. கர்ப்பிணிகள், குழந்தைகள், கீட்டோஅசிடோசிஸ் (இன்சுலின் போதாமல் கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமாவது) வந்தவர்கள் ஆகியோருக்கான முறை வேறு.

எந்த எண்ணைக் குறிவைப்பது

இங்கே சொல்லும் எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம். மருத்துவமனையில் 140-ஐத் தாண்டினாலே சர்க்கரை கூடுதல் என்று குறித்துக்கொள்ள வேண்டும். 24 மணி நேரத்துக்குள் இரண்டு முறை 180 அல்லது அதற்கு மேல் வந்தால் மருந்து தொடங்க வேண்டும். வார்டு நோயாளிகள் பெரும்பாலோருக்கு இலக்கு 100 முதல் 180 வரை. 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை, 54-க்குக் கீழே போனால் ஆபத்து. நினைவு தடுமாறினால் எண் எதுவானாலும் அவசரம்.

“வீட்டில் 110-லேயே இருந்ததே, இங்கே 170-ஐ நல்லா இருக்குன்னு சொல்றீங்களே?” என்று குடும்பத்தார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காய்ச்சல், கிருமித்தொற்று, அறுவை, வலி எல்லாமே கார்டிசாலையும் அட்ரினலினையும் ஏற்றிவிடுகின்றன, சர்க்கரை கூடுகிறது. அதே நேரம் பசி இல்லை, வாந்தி, ஸ்கேனுக்காகப் பட்டினி என்று சாப்பாடு நிலையில்லாமல் இருக்கிறது. இந்த நிலையில் இறுக்கிப் பிடித்தால் கீழே விழுந்துவிடும். 2009-இல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வில், 6000-க்கும் மேற்பட்ட ஐ.சி.யூ. நோயாளிகளில், 81 முதல் 108-க்குள் இறுக்கி வைக்கப்பட்டவர்களில் இறப்பு கூடுதலாக இருந்தது. 180 அல்லது அதற்குக் கீழே என்று தளர்வாக வைக்கப்பட்டவர்களில் குறைவாக இருந்தது. அது ஐ.சி.யூ. ஆய்வுதான். ஆனாலும் இறுக்கிப் பிடிக்கும் ஆசையை உலகமெங்கும் மாற்றியது. மூப்பாலோ தீராத நோயாலோ கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கு 250 வரை விட்டுவைப்பதும் சரியே. அவருக்கு வேண்டியது தாகமும் அடிக்கடி சிறுநீரும் இல்லாத நிம்மதி.

சேர்க்கும் நாளிலேயே முடிக்க வேண்டியவை

முதல் மணி நேரத்தில் கிடைக்கும் தகவலை வைத்துத்தான் முதல் மூன்று நாள் ஓடும். எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை) கடந்த மூன்று மாதத்தில் பார்க்கவில்லை என்றால் அன்றே அனுப்புங்கள். ரத்தம் ஏற்றுவதாக இருந்தால் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு வரும் எண்ணை நம்ப முடியாது. கடும் ரத்தசோகையிலும் முற்றிய சிறுநீரகக் கோளாறிலும் அந்த எண் தவறாக வழிகாட்டும். 6.5-க்கு மேல் வந்தால், “எனக்கு சுகரே இல்லை” என்று சொன்னவருக்கும் முன்பே சர்க்கரை நோய் இருந்திருக்கிறது என்று பொருள். அதற்குக் கீழே இருந்து சர்க்கரை மட்டும் கூடியிருந்தால், நோயின் அழுத்தத்தால் வந்ததாக இருக்கலாம்.

பிறகு உடல் எடை, கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் எண்), வயது, பசி எப்படி, வாந்தி உண்டா, ஸ்டீராய்டு போகிறதா. எடையை ஊகத்தில் எழுதாதீர்கள். இன்சுலின் கணக்கு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. நிற்க முடியாதவரானால் கடைசியாக எடை பார்த்தது எப்போது, எவ்வளவு என்று கேளுங்கள். கால் வீங்கியிருந்தால் வீக்கத்துக்கு முந்தைய எடை.

வீட்டு மருந்தைப் பெயர் சொல்லிக் கேட்டால் பதில் வராது. “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, வெள்ளை மாத்திரை” என்பார்கள். மாத்திரை அட்டையையும் இன்சுலின் குப்பியையும் ஊசியையும் கொண்டுவரச் சொல்லிக் கையில் வாங்கிப் பாருங்கள். கடைசியாக எப்போது போட்டார், எத்தனை யூனிட், சாப்பிட்டாரா என்பதும் வேண்டும். முதல் வகைச் சர்க்கரை நோய் என்றாலோ, கணையத்தை எடுத்தவர் என்றாலோ கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதுங்கள். அவருக்கு அடிப்படை இன்சுலினை (சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் மெதுவாக நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசி) ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது, பட்டினி போட்டிருந்தாலும்.

மாத்திரைகளில் எது நிற்கும், எது தொடரும்

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரைகளை நிறுத்திவிடுங்கள். சாப்பாடு இல்லாதபோதும் அவை கணையத்தை விரட்டிக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் தாழ்சர்க்கரை ஒரு நாள், இரண்டு நாள்கூட நீடிக்கும். நம் ஊரில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் ஒரே மாத்திரையாகவே பெரிதும் விற்கின்றன. “மெட்ஃபார்மின் தொடரட்டும்” என்று வாயால் சொன்னால், வீட்டு டப்பாவிலிருந்து இரண்டும் சேர்ந்தே உள்ளே போய்விடும். வீட்டு மாத்திரை டப்பாவை வாங்கி வார்டில் வைத்துக்கொள்வது நல்லது.

மெட்ஃபார்மினைக் கிருமித்தொற்றின் கடுமை, மூச்சுத்திணறல், சிறுநீரகம் திடீரெனக் கெடுவது, கல்லீரல் செயலிழப்பு ஆகியவற்றில் நிறுத்த வேண்டும். இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 30-க்குக் கீழே உள்ளவருக்குக் கான்ட்ராஸ்ட் (ஸ்கேனுக்கான சாய) ஊசி போடும்போதும் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கிரியேட்டினின் பார்த்து, சிறுநீரகம் தேறியிருந்தால் மட்டுமே திரும்பத் தொடங்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டையும் அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். சர்க்கரை 180-இல் இருக்கும்போதே கீட்டோன் ஏறும் ஆபத்து இந்த மாத்திரைகளில் உண்டு. வாந்தியும் மூச்சு வாங்கலும் வந்து, மீட்டரில் எண் சாதாரணமாக இருந்தால் நிம்மதி அடையாமல் கீட்டோன் பாருங்கள். இதய பலவீனத்துக்காக இதே மாத்திரை போகிறவருக்கு, சாப்பிட ஆரம்பித்து நிலை சீரானதும் இதய மருத்துவர் தொடரச் சொல்லலாம். அது அவர் முடிவு.

லினாகிளிப்டின், சிடாகிளிப்டின் வகை, சர்க்கரை லேசாகக் கூடி 180-ஐ ஒட்டி நிற்பவர்களுக்கு வார்டிலும் பயன்படும். லினாகிளிப்டினுக்குச் சிறுநீரகத்தைப் பார்த்து அளவு குறைக்கத் தேவையில்லை.

ஸ்லைடிங் ஸ்கேல் மட்டும் ஏன் போதாது

“200-க்கு மேல் 4, 250-க்கு மேல் 6” என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போவது இன்றும் பல வார்டுகளில் வழக்கம். அந்தச் சீட்டு ஏறியதை இறக்குமே தவிர ஏறாமல் காக்காது. காலையில் 150 என்று ஊசி இல்லை, சாப்பிட்டதும் 290, மதியம் 6 யூனிட், சாயங்காலம் 90 என்று மீண்டும் ஊசி இல்லை, இரவு 310. நாள் முழுக்க ஊஞ்சல். 2007-இல் வெளியான ரேபிட்-2 ஆய்வில் வார்டு நோயாளிகள் 130 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். அடிப்படை இன்சுலினும் சாப்பாட்டு இன்சுலினும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 66 சதவீதம் பேர் 140-க்குக் கீழே வந்தார்கள். ஸ்கேல் மட்டும் கொடுத்தவர்களில் 38 சதவீதம். ஸ்கேலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அது மூன்றாவது பாகமாக இருக்க வேண்டும், ஒரே பாகமாக அல்ல.

அளவைக் கணக்கிடுவது

முதலில் ஒரு நாளின் மொத்த யூனிட். சாப்பிடுகிற நோயாளி, சர்க்கரை 140 முதல் 200 வரை என்றால் கிலோவுக்கு 0.4 யூனிட். 201 முதல் 400 வரை என்றால் 0.5 யூனிட். 70 வயதுக்கு மேற்பட்டவர், சிறுநீரகம் தளர்ந்தவர், மெலிந்தவர், பசி குறைந்தவர் என்றால் 0.2 முதல் 0.3 போதும். சந்தேகம் இருந்தால் குறைந்த பக்கம் நில்லுங்கள்; நாளை கூட்டிக்கொள்ளலாம். வீட்டிலேயே இன்சுலின் போடுகிறவர் என்றால், வீட்டு அளவில் 20 முதல் 25 சதவீதம் குறைத்துத் தொடங்குவது பாதுகாப்பு. வார்டுச் சாப்பாடு வீட்டுச் சாப்பாட்டை விடக் குறைவு.

மொத்தத்தில் பாதி அடிப்படை இன்சுலின்: கிளார்ஜின் என்றால் ஒரே வேளை, தினமும் ஒரே நேரம். மீதிப் பாதியை மூன்று சாப்பாட்டுக்குப் பிரிக்க வேண்டும். 70 கிலோ, 58 வயது, நிமோனியா, சர்க்கரை 240, கிரியேட்டினின் சாதாரணம், ஆனால் பசி சுமார் என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். 240-க்கு 0.5 என்றாலும் பசி சுமார் என்பதால் ஒரு படி இறங்கி 0.4 வைத்தால் 28 யூனிட். கிளார்ஜின் 14. சாப்பாட்டுக்கு 14: காலை 4, மதியம் 5, இரவு 5.

மூன்றாவது பாகம் திருத்தம். 1700-ஐ நாள் மொத்தத்தால் வகுங்கள்: 1700-ஐ 28-ஆல் வகுத்தால் சுமார் 60. இவருக்கு ஒரு யூனிட் ஏறக்குறைய 60 இறக்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன் 260 என்றால், 140-ஐ விட 120 கூடுதல். திருத்தம் 2 யூனிட். 5-உடன் 2 சேர்த்து 7 யூனிட், ஒரே ஊசியில். படுக்கைக்கு முன் பார்க்கும் எண்ணுக்குத் திருத்தம் வேண்டுமானால் பாதி மட்டும். நான்கு மணி நேரத்துக்குள் இன்னொரு திருத்தம் வேண்டாம்: முந்தைய ஊசி இன்னும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நள்ளிரவில் இறக்கிவிடும்.

கிளார்ஜின் கிடைக்காத இடத்தில் ரெகுலரும் (குறுகிய நேர இன்சுலின்) என்.பி.எச்.-சும் (நடுத்தர நேர இன்சுலின்) வைத்தே இதைச் செய்யலாம்: மூன்று வேளை ரெகுலர், இரவு படுக்கும்போது என்.பி.எச். வீட்டில் 30/70 கலவை (30 பங்கு ரெகுலர், 70 பங்கு என்.பி.எச்.) போட்டவருக்கு வார்டிலும் அதையே தொடர்வதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. காலை ஊசியில் போன 70 பங்கு மதியச் சாப்பாட்டை எதிர்பார்த்து உடம்பில் காத்திருக்கும். மதியம் ஸ்கேனுக்காக சாப்பாடு தள்ளிப்போனால் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

குப்பியும் ஊசியும்

இந்தியாவில் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. இங்கே மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் உண்டு, 100 யூனிட் குப்பியும் பேனாவும் உண்டு. 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். தலைகீழாகச் செய்தால் 10 என்று நினைத்தது 4. பேனாவின் கார்ட்ரிஜிலிருந்து சிரிஞ்சால் இழுக்கும் பழக்கமும் இதே விபத்தைத்தான் கொண்டுவரும். குப்பியின் எண்ணையும் மூடியின் நிறத்தையும் இரண்டு பேர் பார்த்துச் சொல்லிக்கொண்டு போடுங்கள்.

எழுதும்போது “யூனிட்” என்று முழுச் சொல்லாக எழுதுங்கள். ஓர் ஆங்கில எழுத்தோடு சுருக்கினால் அது பூஜ்யமாகத் தெரிந்து 4 என்பது 40 ஆகும். என்.பி.எச்., கலவை இரண்டையும் உள்ளங்கையில் பத்து முறை மெதுவாக உருட்டி, பத்து முறை கவிழ்த்து நிமிர்த்தி, பால்போல ஒரே சீராக ஆனதும் எடுங்கள். ஒரே சிரிஞ்சில் இரண்டையும் எடுப்பதானால் தெளிந்தது முதலில், கலங்கியது பிறகு. கிளார்ஜினை எதனோடும் கலக்கக்கூடாது. பேனாவில் ஒவ்வொரு முறையும் 2 யூனிட் காற்றில் விட்டுச் சரிபார்த்து, குத்திய பின் பத்து விநாடி பிடித்திருங்கள். ஒருவரின் பேனாவை ஊசிமுனை மாற்றிக்கூட இன்னொருவருக்குப் போடக்கூடாது. கார்ட்ரிஜுக்குள் ரத்தம் ஏறியிருக்கும். வருஷக்கணக்காக ஒரே இடத்தில் குத்தித் தடித்துப்போன தோலில் போட்ட இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது. வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஊசியும் தட்டும் சேரும் நேரம்

ரெகுலர் இன்சுலின் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பு. அஸ்பார்ட், லிஸ்ப்ரோ போன்ற விரைவு வகை 15 நிமிடத்துக்குள். சர்க்கரை பார்ப்பது சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணிக்குள் இருக்க வேண்டும். ஆறரை மணி எண்ணை வைத்து எட்டு மணிக்கு ஊசி போடுவது பழைய எண்ணுக்குப் போடுவது. நோயாளி சாப்பிடுவாரா என்று தெரியாவிட்டால் விரைவு வகையைச் சாப்பிட்ட உடனே, சாப்பிட்ட அளவுக்கு ஏற்பப் போடுங்கள். பாதித் தட்டு என்றால் பாதி அளவு. தொடவே இல்லை என்றால் சாப்பாட்டு இன்சுலின் இல்லை. திருத்தம் மட்டும் தேவை இருந்தால். அடிப்படை இன்சுலின் எப்படியும் உண்டு.

அட்டெண்டர்கள் இங்கேதான் பெரிய உதவி. கேன்டீன் வண்டி வந்ததும் நர்ஸிடம் சொல்லுங்கள். நான்கு இட்லியில் இரண்டுதான் இறங்கியது என்றால் அதையும் சொல்லுங்கள். ஒரு நடுத்தர இட்லியில் சுமார் 10 கிராம் மாவுச்சத்து. வெந்த சாதம் 100 கிராமில் சுமார் 28. ராகி என்றால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கையில் ஒரு முழு முத்தையை (களி உருண்டை) கொடுக்கிறார்கள். கேழ்வரகும் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மாவுச்சத்துதான். கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் வேகமாக ஏறும். பார்வை நேரத்தில் வருகிறவர்கள் கையோடு கொண்டுவரும் சாத்துக்குடி ஜூஸ், ஃபிளாஸ்கில் வரும் சர்க்கரை போட்ட காபி இரண்டும் சாயங்கால எண்ணை ஏற்றிவிட்டு, காரணம் தெரியாத டாக்டரை இன்சுலின் கூட்ட வைக்கும். கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கொடுத்ததைச் சொல்லுங்கள்.

தினமும் காலையில் பார்த்து மாற்றுவது

சாப்பிடுகிறவருக்கு நான்கு முறை: மூன்று சாப்பாட்டுக்கு முன்பும் படுக்கும்போதும். பட்டினியிலோ குழாய் வழி உணவிலோ இருப்பவருக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை. இரவில் வேர்வை, காலையில் தலைவலி என்றால் அதிகாலை இரண்டு மூன்று மணிக்கும் பாருங்கள்.

எந்த எண் எந்த ஊசியின் பொறுப்பு என்று தெரிந்தால் மாற்றம் எளிது. வெறும் வயிற்று எண்ணுக்கு அடிப்படை இன்சுலின் பொறுப்பு. மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய எண் காலை ஊசியைச் சொல்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு முந்தையது மதிய ஊசியை. படுக்கும்போது வருவது இரவு ஊசியை. 180-க்கு மேல் தொடர்ந்தால் பொறுப்பான ஊசியை 10 முதல் 20 சதவீதம் கூட்டுங்கள். 100-க்குக் கீழே வந்தாலே 10 முதல் 20 சதவீதம் குறைக்கத் தொடங்குங்கள். 70-க்குக் கீழே போகும்வரை காத்திருக்க வேண்டாம். 70-க்குக் கீழே போயிருந்தால் குறைந்தது 20 சதவீதம். மருந்தைக் கூட்டுவதற்கு முன் டிரிப்பையும் ஒரு பார்வை பாருங்கள்: 500 மில்லி டி.என்.எஸ். (குளுக்கோஸ் கலந்த உப்பு நீர்) பாட்டிலில் 25 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. சாப்பிடுகிறவருக்கு அது தேவையே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

பட்டினி, குழாய் உணவு, ஸ்டீராய்டு

அறுவைக்காகப் பட்டினி என்றால் சாப்பாட்டு இன்சுலினை நிறுத்தி, கிளார்ஜினை வழக்கமான அளவில் 75 முதல் 80 சதவீதம் கொடுங்கள், காலை என்.பி.எச். என்றால் பாதி. சர்க்கரை நோயாளியை அன்றைய பட்டியலில் முதல் ஆளாகப் போடக் கேளுங்கள். நேரம் தள்ளிப்போகிறது என்று தெரிந்த நிமிடமே வார்டுக்குத் தகவல் வர வேண்டும்.

குழாய் வழி உணவு தொடர்ந்து போகிறவருக்கு 10 முதல் 15 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் என்று கணக்கு. குழாய் அடைத்தாலோ பிடுங்கிக்கொண்டாலோ அதே வேகத்தில் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஓடவிடுங்கள். உணவு நின்று இன்சுலின் நிற்காமல் போவதுதான் இங்கே விபத்து.

ஸ்டீராய்டின் கணக்கு வேறு. காலையில் பிரெட்னிசலோன் கொடுத்தால் வெறும் வயிற்று எண் நன்றாகவே இருக்கும். மதியத்துக்குப் பிறகுதான் 300, 350 என்று ஏறும். காலை எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பிரெட்னிசலோன் ஒவ்வொரு 10 மி.கி.க்கும் கிலோவுக்கு 0.1 யூனிட் என்.பி.எச்., 40 மி.கி.யும் அதற்கு மேலும் என்றால் 0.4, மாத்திரையோடு சேர்த்துக் காலையில். 60 கிலோ, 40 மி.கி. என்றால் 24 யூனிட்; முதியவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் இதிலும் குறைவாக. டெக்சாமெத்தசோன் 6 மி.கி. பிரெட்னிசலோன் 40-க்குச் சமம். அதன் வேலை ஒரு நாளைத் தாண்டி நீளும் என்பதால் அடிப்படை இன்சுலினையும் கூட்ட வேண்டி வரும். ஸ்டீராய்டை 40-லிருந்து 20 ஆக்கினால் அன்றே என்.பி.எச். 24 என்பது 12 ஆக வேண்டும். மறந்தால் தாழ்சர்க்கரை வீட்டுக்குப் போன பிறகு வரும்.

சர்க்கரை இறங்கினால்

நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ் பொடி, தண்ணீரில் கரைத்து. சட்டென்று கிடைக்காவிட்டால் மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரை. வோக்ளிபோஸ், அகார்போஸ் சாப்பிடுகிறவருக்குச் சாதாரணச் சர்க்கரை உதவாது; அந்த மாத்திரைகள் சர்க்கரை உடைவதைத் தடுக்கின்றன. குளுக்கோஸ்தான் வேண்டும். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். 70-ஐத் தாண்டாவிட்டால் அதே அளவு மறுபடியும். தாண்டியதும், அடுத்த சாப்பாடு ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளியிருந்தால் பாலும் பிஸ்கட்டும் கொடுங்கள்.

நினைவு தடுமாறியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி, நரம்பில். அதில் 25 கிராம் இருக்கிறது. ஊசி நல்ல ரத்தக்குழாயில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடுங்கள், வெளியே கசிந்தால் தோல் புண்ணாகும். ரத்தக்குழாய் கிடைக்காவிட்டால் குளுக்ககான் 1 மி.கி. தசையில். காரணம் கிளிமிபிரைடு வகை என்றால் ஒரு முறை ஏறியதும் விட்டுவிடாமல் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஓடவிட்டு, குறைந்தது ஒரு நாள் மணிக்கொரு முறை கண்காணியுங்கள்.

மொழியும் இங்கே முக்கியம். “தலை சுத்துது” என்பதைக் கன்னடத்தில் “தலெ சுத்து” என்றே சொல்வதால் புரிந்துவிடும். “வேர்க்குது”, “படபடன்னு வருது”, “கண்ணு இருட்டுது” என்பவை கன்னடமோ மலையாளமோ பேசும் நர்ஸுக்குப் பிடிபடாமல் போகலாம். வேர்வை கன்னடத்தில் “பெவரு”. “சுகர் லோ” என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். சேர்க்கும் நாளிலேயே நோயாளிக்குச் சொல்லிக்கொடுங்கள். பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும்) மாத்திரை போகிறவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகும், வேர்வை மட்டும் நிற்கும். முதியவர் வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தாலும், பேச்சு குழறினாலும் முதலில் விரலில் பாருங்கள்.

இறங்கிய பிறகு பயத்தில் எல்லா இன்சுலினையும் நிறுத்துவது அடுத்த தவறு. மறுநாள் 350 வரும். காரணத்தைக் கண்டுபிடித்து, பொறுப்பான ஊசியைக் குறையுங்கள்.

மீட்டர் சொல்வது உண்மையா

சாத்துக்குடி உரித்த விரலில் எடுத்தால் 300 காட்டும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, முதல் சொட்டைத் துடைத்து, இரண்டாவது சொட்டில் எடுங்கள். டிரிப் ஓடும் கையில் எடுக்காதீர்கள். கடும் ரத்தசோகையில் மீட்டர் கூட்டிக் காட்டும். உண்மையான தாழ்சர்க்கரை மறைந்துபோகும். ரத்த அழுத்தம் விழுந்து விரல் சில்லிட்டிருந்தால் விரல் எண்ணை நம்ப வேண்டாம், ரத்தக்குழாயிலிருந்து எடுத்து அனுப்புங்கள். நல்ல மீட்டரிலும் 15 சதவீத வித்தியாசம் அனுமதிக்கப்பட்டதே. 200-க்கும் 180-க்கும் நடுவில் சண்டை வேண்டாம். லேபுக்குப் போன ரத்தமும் பிரிக்காமல் கிடந்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறையும். சாம்பல் மூடிக் குழாயில் உடனே அனுப்புங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது

எச்பிஏ1சி 7-க்குக் கீழே என்றால் பழைய மருந்தே போதும். 7 முதல் 9 வரை என்றால் மாத்திரையோடு, வார்டில் போட்ட கிளார்ஜினில் பாதி. 9-க்கு மேல் என்றால் மாத்திரையோடு கிளார்ஜினில் 80 சதவீதம், அல்லது முழு இன்சுலின் முறை. மருந்து மாறியவரை ஒன்றிரண்டு வாரத்துக்குள் திரும்பப் பாருங்கள்.

எங்கே போகிறார் என்று கேளுங்கள். பெங்களூருவில் பேனா பழகிய கிருஷ்ணகிரிக்காரருக்கு ஊரில் 40 யூனிட் குப்பி கையில் வந்தால், அளவுச் சீட்டு அதற்கும் எழுதியிருக்க வேண்டும்: எந்த மூடி, எத்தனை கோடு. 2021-இல் அந்த மாவட்டத்தில்தான் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. வீட்டுக்கே வரும் மாத்திரையும் நம் சீட்டில் இருக்கும் மாத்திரையும் ஒன்றாகச் சேர்ந்து இரட்டை அளவு ஆகாமல், எது நிற்கிறது என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். கிளம்பும் நாள் காலை ஊசியை நோயாளியோ வீட்டில் போடப்போகும் மகளோ உங்கள் முன்னால் போடட்டும். குப்பியைப் படிப்பது, கோடு பார்ப்பது, குத்துவது, பத்து எண்ணுவது. தப்பு நேர்ந்தால் அன்று மதியமும் ஒரு முறை.